ஆறாவது ஆளின் சோறு

தொண்டைமானாற்றங்கரை: பகுதி 11

நிவாரணக் கணக்கு ஐந்தாவது ஆளோடு நின்றுவிடும். இடம்பெயர்ந்த குடும்பத்தில் ஒருவர்தான் என்றால் மாதம் 336 ரூபாவுக்கு உலர் உணவு. ஆட்கள் கூடக் கூடத் தொகையும் கூடி, ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 1,260 ரூபாவில் வந்து முட்டும். ஆறாவதாக ஒரு பிள்ளை பிறந்தாலும் சரி, தனித்துப்போன அம்மம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டாலும் சரி, அதே 1,260 தான். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மாதம் 252 ரூபா; நாளுக்கு எட்டு ரூபாவும் கொஞ்சச் சதமும். எட்டுப் பேர் என்றால் நாளுக்கு ஐந்தேகால் ரூபா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அரசு போட்ட இந்தக் கணக்கு, அரிசியும் தேங்காயும் விலை ஏறி எங்கேயோ போன பிறகும், பத்து ஆண்டுகளுக்கு மேலாக அசையாமல் நின்றது.

அந்தத் தொகையும் காசாகக் கைக்கு வராது. விதானையார் பதிந்து கொடுத்த அட்டையோடு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கடையில், அதாவது எங்கள் சங்கக்கடையில், வரிசையில் நின்று அரிசியும் மாவும் சீனியும் பருப்புமாக வாங்க வேண்டும். கொழும்பிலிருந்து கப்பல் வந்தால்தான் கடையில் சாமான் இருக்கும். செஞ்சிலுவைக் கொடியின் காவலோடு பருத்தித்துறைக்குக் கப்பல் வந்துசேர்ந்த நாட்களில், "கப்பல் வந்திட்டுதாம்" என்ற பேச்சு கடற்கரையிலிருந்து ஒழுங்கை ஒழுங்கையாக ஓடிவரும். கடல் குழம்பினாலும் போர் குழம்பினாலும் அந்த மாதத்து அட்டையில் கீறல் விழாது.

அப்படியென்றால் ஆறாவது ஆள் எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்ந்தார்? ஏழாவது, எட்டாவது ஆட்கள்? கப்பல் வராத மாதத்தில் ஐந்து பேருமே எதைச் சாப்பிட்டார்கள்? சென்ற பகுதி வரை இந்த ஆற்றுவாயில் உப்பேற்றிப் போன வள்ளங்களைப் பற்றியும், உப்புக்காக ஆற்றை அகலமாக்கியதாகச் சொல்லப்படும் கருணாகரத் தொண்டைமானின் ஐதிகத்தைப் பற்றியும் எழுதிவந்தேன். இந்தப் பகுதியில் ஆற்றைக் கடந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களைப் பற்றியும், அவர்களுக்கு உலை வைத்தவர்களைப் பற்றியும் எழுதுகிறேன். முதலாவது கூட்டத்தைப் பற்றி அறிக்கைகள் உண்டு. இரண்டாவது கூட்டத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு நிரல் இல்லை. அந்தக் குறைதான் இந்தப் பகுதியை எழுத வைத்தது.

தொண்டைமானாற்றில் வழிப்போக்கனுக்குச் சோறு போடுவது போரோடு வந்த வழக்கம் இல்லை. ஆற்றங்கரையில் இருக்கும் செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்றுதான் பெயர். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசகர் செய்யும் மௌனப் பூசையும், ஆலம் இலைகளில் அமுது படைக்கும் வழக்கமும், கதிர்காமத்தோடு உள்ள உறவும் இந்தக் கோயிலை யாழ்ப்பாணத்தின் மற்றக் கோயில்களிலிருந்து வேறாக்குகின்றன. கோயிலைச் சுற்றி மடங்கள். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்கள் இங்கிருந்துதான் புறப்படுவார்கள். கிழக்குக் கரையோரமாக ஒன்றரை மாதத்துக்கு மேல் நடக்க வேண்டும். அப்படி நடப்பவன் வீட்டிலிருந்து அரிசி மூட்டை கட்டிக்கொண்டு போவதில்லை. அடுத்த ஊரில் யாரோ ஒருவர் சோறு போடுவார் என்ற நம்பிக்கையில் கால் வைப்பான். அந்த நம்பிக்கைக்குச் சுவரும் கூரையும் அடுப்பும் கொடுத்தவைதான் மடங்கள். வந்தவனுடைய ஊர் எது, அட்டை இருக்கிறதா, குடும்பத்தில் எத்தனை பேர் என்று மடத்தில் கேட்பதில்லை. பந்தியில் இடம் இருக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. இன்றும் சந்நிதியான் ஆச்சிரமம் அன்னதானத்தை நடத்தி, அல்லற்பட்ட குடும்பங்களுக்கு உதவிகளைச் செய்து, 'ஞானச்சுடர்' என்ற மாத இதழையும் வெளியிட்டு வருகிறது.

நான் இதை ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு வடிக்கிற கிடாரம், அகப்பை, விறகு அடுக்கும் இடம், பந்தி நடத்தத் தெரிந்த ஆட்கள் என்று ஒரு ஊரிடம் ஏற்கெனவே இருந்தால், திடீரென்று இடம்பெயர்வு வரும்போது முதல் மூன்று நாளைத் தாண்டுவதற்கு அது போதும். அனர்த்த நிவாரணத்தில் மிகக் கடினமானவை அந்த முதல் மூன்று நாட்களே. வெளியிலிருந்து எந்த லொறியும் அதற்குள் வந்துசேராது.

1987 மே 26 ஆம் திகதி எங்கள் வடமராட்சி மீது இராணுவத்தின் 'ஒப்பரேஷன் லிபரேஷன்' தொடங்கியது. வானிலிருந்து துண்டுப்பிரசுரங்கள் விழுந்தன. வீடுகளை விட்டுக் கோயில்களிலும் பாடசாலைகளிலும் கூடுங்கள் என்று அவை சொல்லின. சனம் அப்படியே போனது. எங்கள் ஊர்களில் கோயில் என்பது எப்போதும் அடைக்கலம்தான். துண்டுப்பிரசுரம் சொல்லியிருக்காவிட்டாலும் அங்கேதான் போயிருப்பார்கள். ஆனால் அல்வாய் முத்துமாரியம்மன் கோயிலில் கூடியிருந்தவர்கள் மீதே ஷெல் விழுந்தது. போன இடத்தில் செத்தார்கள். இளைஞர்களை ஆயிரக்கணக்கில் பிரித்தெடுத்து, காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் ஏற்றி, தெற்கே பூசா முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் தேடுவதற்கு ஆண் ஆள் இல்லாத நிலையில் கோயில் மண்டபங்களில் அடுப்பு மூட்டிய பெண்களைப் பற்றி வடமராட்சியில் இன்றைக்கும் பேசுவார்கள்.

வடமராட்சியில் நடந்தவற்றின் செய்திதான் அக்கரையான இந்தியாவை உலுக்கியது. ஜூன் 3 ஆம் திகதி இராமேஸ்வரத்திலிருந்து 19 மீன்பிடிப் படகுகள் செஞ்சிலுவைக் கொடியோடு நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டன. இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள், ஜூன் 4, ஐந்து ஏ.என்.32 விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு வந்து யாழ்ப்பாணத்தின் மேல் பொதிகளைப் போட்டன. 'பூமாலை' என்று அதற்குப் பெயர். வரலாற்றில் அதற்கு இடம் உண்டு; அடுத்த மாதமே இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் நிவாரணம் என்ற கணக்கில் பார்த்தால் விழுந்தது ஏறத்தாழ 25 தொன். குடாநாடு முழுவதற்கும் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு சிறங்கைக்குக் கூடக் காணாது. அந்தப் பொதிகள் பசியைத் தீர்க்க வந்தவை அல்ல, நாங்கள் தனித்துப் போகவில்லை என்று சொல்ல வந்தவை. அந்தச் செய்திக்காகவே சனம் அன்று முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தது. அன்று இரவும் உலையில் போட்டது பக்கத்து வீட்டுக்காரரின் அரிசியைத்தான்.

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியதும் ஆற்றுக்கு மேற்கே உள்ள ஊர்கள் கலைந்தன. பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, வசாவிளான், குரும்பசிட்டி, வளலாய். பலாலி இராணுவ முகாமின் எல்லை அகன்று அகன்று ஊர்களை விழுங்கியது. சனம் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டது. "இரண்டு கிழமையில திரும்பியிடலாம்" என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. கதவைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்த தாய்மார் அந்தத் திறப்பை இருபத்தைந்து வருடம் வைத்திருந்தார்கள். சிலருக்குத் திறப்பு மட்டும் மிஞ்சியது.

அவர்களில் ஒரு பகுதியினர் வலிகாமத்தின் உள்ளூர்களுக்குப் போனார்கள். கடற்றொழில் செய்த குடும்பங்களில் பல கடலை விட்டு விலக மனமில்லாமல் வடமராட்சிக் கரைக்கு வந்தன. பொலிகண்டியிலும் பருத்தித்துறைப் பக்கத்திலும் தங்கிய பலாலி, மயிலிட்டி மக்களின் கதை இங்கிருந்து தொடங்குகிறது. வந்தவர்களுக்குச் சோறு போடலாம், வளவில் ஒரு மூலையில் கொட்டில் போட விடலாம். கடலை எப்படிப் பங்கிடுவது? எங்கள் கரையில் கரைவலைக்குப் 'பாடு' உண்டு. எந்தப் பாட்டில் யார் வலை வளைப்பது என்பது தலைமுறை தலைமுறையாக வந்த உரிமை. படகு இழுத்து வைக்கும் இடம், வலை காயப்போடும் இடம், மீன் வாடி என்று கரையில் ஒவ்வொரு முழத்துக்கும் ஆள் உண்டு. அதோடு கடலில் போகக்கூடிய தூரத்துக்குத் தடை, எஞ்சினுக்குத் தடை, மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பு. சொந்த ஊராருக்கே காணாத கரையை வந்தவர்களோடு பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. சண்டை வந்தது. வலை அறுத்த கதைகளும் உண்டு. ஆனாலும் கரை பிரிந்தது. படகுகள் அருகருகே நின்றன. இடம் கொடுத்த ஊர்கள் இழந்ததைக் கணக்கிட வேண்டுமானால் இந்தக் கரையிலிருந்து தொடங்க வேண்டும்.

வெளியுலகத்துக்கும் அப்போது இது புதிய சிக்கல். அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் எல்லை தாண்டிப் போனவர்களுக்கென்று உண்டாக்கப்பட்டது. 1951 ஆம் ஆண்டின் சாசனம் சொல்லும் அகதி, தன் நாட்டுக்கு வெளியே நிற்பவர். 1987 இல் அந்த அலுவலகம் இலங்கைக்கு வந்ததும் இந்தியாவிலிருந்து திரும்புவோரை மீள்குடியேற்றத்தான். 1990 இல் போர் மீண்டதும் மன்னாரில் மடுவிலும் பேசாலையிலும் 'திறந்த நிவாரண நிலையங்களை' அது நடத்தத் தொடங்கியது. சனம் கடலைத் தாண்டி இந்தியா போகாமலே தன் நாட்டுக்குள் ஓர் இடத்தில் ஓரளவு பாதுகாப்போடு இருக்கலாம், விரும்பினால் வெளியேறலாம் என்பது அதன் ஏற்பாடு. அக்காலத்தில் உலகில் அது புது முயற்சி. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கான ஐ.நா. பிரதிநிதி பிரான்சிஸ் டெங் 1993 இல் இலங்கைக்கு வந்து பார்த்தார்; 1998 இல் அவருடைய வழிகாட்டிக் கொள்கைகள் ஐ.நா. மனித உரிமை ஆணைக்குழுவின் முன் வைக்கப்பட்டன.

நாங்கள் இந்த வேறுபாடு எதையும் பார்க்கவில்லை. கடல் தாண்டி இந்தியாவின் மண்டபம் முகாமுக்குப் போனவரும் அகதி, பக்கத்து ஊருக்கு வந்தவரும் அகதி. அட்டையே 'அகதி அட்டை'தான். நாலு கட்டை தூரத்தில் உள்ள ஊரிலிருந்து வந்த பிள்ளையை வகுப்பில் 'அகதி' என்று கூப்பிட்டதும் உண்டு. அந்தச் சொல் எத்தனை பேரைச் சுட்டிருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

இதே 1990 இல் நடந்த இன்னோர் இடப்பெயர்வை இந்தத் தொடரில் மறைக்க முடியாது. ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த மாதத்தில் துரத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்துக்குப் போனார்கள். அங்கே அவர்களைப் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோட்டங்களும் ஏற்றுக்கொண்டன. புத்தளத்து ஏழைக் குடும்பங்கள் தங்கள் கிணற்றையும் கூலி வேலையையும் பாடசாலை வாங்கையும் பங்கிட்டன. பங்கிட்டுக் களைத்தும் போயின. நாங்கள் வாய் திறந்து தடுக்காத ஒரு வெளியேற்றத்தின் பாரத்தை, எங்களுக்குத் தெரியாத ஓர் ஊர் இருபது வருடத்துக்கு மேலாகச் சுமந்தது. தொண்டைமானாற்றின் விருந்தோம்பலைப் பற்றி எழுதும் கை இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே ஒக்டோபர் 30.

1995 ஒக்டோபர் 17 ஆம் திகதி தொடங்கிய இராணுவத்தின் 'ரிவிரெச' நடவடிக்கை அச்சுவேலி, புத்தூர் வழியாக யாழ்ப்பாண நகரை நோக்கி வந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் அடைக்கலம் தேடியவர்கள் மீது குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். கோயிலோ தேவாலயமோ காப்பாற்றும் என்ற பழைய நம்பிக்கை 1987 இல் விரிசல் விட்டது, 1995 இல் உடைந்தது. 30 ஆம் திகதி பிற்பகல் புலிகளின் ஒலிபெருக்கி வாகனங்கள் வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளியேறும்படி அறிவித்தன. மழை. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் ஒரு முழம் நகர ஒரு மணித்தியாலம் ஆன அந்த இரவைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். வெளியேறியவர்கள் நான்கு இலட்சத்துக்கும் ஐந்து இலட்சத்துக்கும் இடையே என்று மதிப்பிடுவார்கள். ஐ.நா. செயலாளர் நாயகம் பூத்ரோஸ் காலி சில நாளில் கவலை தெரிவித்து அறிக்கை விட்டார்.

வலிகாமத்திலிருந்து வடமராட்சிக்கு இயல்பான வழி வல்லைவெளி. அப்போது அந்தப் பக்கமெல்லாம் போர்முனை. ஆகவே சனம் தென்மராட்சிக்குள் இறங்கி, கொடிகாமத்தால் சுற்றி வடமராட்சிக்கு வந்தது. சைக்கிளில் அரிசி மூட்டை, அதன் மேல் பிள்ளை, கரியரில் கிழவி, கைப்பிடியில் தொங்கும் கேத்தில். இப்படி வந்தவர்கள் ஊருக்குள் நுழையும்போது வீட்டுக்காரர் படலையில் நின்றார்கள். முன்பின் தெரியாதவர்களைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போன வீடுகள் உண்டு. படலையைச் சங்கிலி போட்டுப் பூட்டிய வீடுகளும் உண்டு. இரண்டையும் சொல்ல வேண்டும். முதலாவது கூடுதல் என்பதற்கு ஒரே சான்று, அத்தனை இலட்சம் பேரில் பெரும்பாலோர் அந்த மாரியில் மரத்தின் கீழ் கிடக்கவில்லை என்பதுதான்.

ஒரு வீட்டில் ஐந்து குடும்பம், எட்டுக் குடும்பம். மண்டபத்தில் ஒன்று, விறாந்தையில் இரண்டு, மாட்டுக் கொட்டிலைக் கழுவி ஒன்று, வேப்பமரத்தின் கீழ் தறப்பாள் கட்டி இன்னொன்று. அடுப்பு மட்டும் தனித்தனி. மூன்று கல் வைத்து எல்லாரும் ஒரே நேரத்தில் மூட்டும்போது வளவு முழுவதும் புகை. வேலியிலிருந்த கிளுவைக்கும் பூவரசுக்கும் முதலில் கத்தி விழுந்தது. பிறகு பனை மட்டை. பிறகு வீட்டுக்காரரின் கதியால். சமைக்க விறகு இல்லாமல் ஒரு வேலியே போய்விடும்.

இந்த நாட்களின் பெரிய சிக்கல் சோறு அல்ல, தண்ணீர். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. தொண்டைமானாறு என்று பெயரில்தான் ஆறு. உள்ளே கிடப்பது உவர்நீரேரி. மழைநீரைத் தேக்கி நீரேரியை நன்னீராக்க வேண்டும் என்றுதான் 1950களில் ஆற்றுவாயில் கதவுகள் போட்டார்கள். பராமரிப்பு இல்லாமல் போர்க்காலத்தில் அவை பழுதாகிக் கடல்நீர் ஏறிவந்தது. அப்போது குடித்த தண்ணீர் முழுவதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கும் நிலத்தடி நீர்தான். ஏழு பேர் குளித்துக் குடித்த கிணற்றில் எழுபது பேர் அள்ளத் தொடங்கினால் கிணறு அடித்தண்ணிக்குப் போகும், சேறு கலங்கும், கரையோரத்தில் உவர் ஊறும். அதே வளவில் மலகூடம் ஒன்றுதான். நிலத்தின் கீழே பிளவுள்ள கல் என்பதால் குழியின் ஊற்று கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. புதிதாக மலகூடம் கட்டலாம் என்றால் சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருள். எரிபொருள், பற்றரி, உரம், இரும்பு என்று நீண்ட தடைப்பட்டியலில் சீமெந்தும் இருந்தது. நிவாரண நிறுவனங்கள் ஒவ்வொரு மூட்டைக்கும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்காகக் காத்திருந்தன. அனுமதி வரும்வரை நோய் காத்திருக்காது. கிணற்றுக்குக் குளோரின் போட்டு, கிடுகு மறைப்பில் குழி வெட்டிக் கொடுத்து, தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லி வீடு வீடாக நடந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் தொண்டர்களும்தான் பெருங்கழிச்சல் பரவாமல் காத்தவர்கள். கொதிக்க வைக்கவும் விறகு வேண்டுமே என்று அவர்களிடம் கேட்ட வீட்டுக்காரியின் கேள்வியிலும் நியாயம் இருந்தது.

மந்திகை ஆஸ்பத்திரி பருத்தித்துறைத் தொகுதிக்கென்று அமைந்தது. அது ஒரே கிழமையில் ஒரு மாகாணத்தின் பாரத்தைத் தாங்க வேண்டி வந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் சத்திரசிகிச்சை நிபுணர்கள் போர்க்காலம் நெடுக அங்கே உள்ளூர் மருத்துவர்களோடும் தாதியரோடும் சேர்ந்து நின்றார்கள். வெளிநாட்டு உதவி என்றதும் எனக்கு முதலில் நினைவு வருவது இதுதான். ஏற்கெனவே நிற்கிற ஒரு நிறுவனத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று அதன் பாரத்தில் ஒரு கை கொடுத்தார்கள். புதிதாக ஒன்றைக் கட்டிப் பெயர்ப்பலகை வைத்துவிட்டுப் போகவில்லை. வந்தவர்களுக்கும் உள்ளூராருக்கும் ஒரே வரிசை, ஒரே கட்டில். அதனால் அங்கே பொறாமைக்கு இடம் இருக்கவில்லை.

பாடசாலைகளும் அப்படித்தான் சமாளித்தன. காலையில் உள்ளூர்ப் பாடசாலை, பின்னேரம் அதே கட்டடத்தில் இடம்பெயர்ந்த பாடசாலை. ஒரே வாங்கில் காலையில் ஒரு பிள்ளை, பின்னேரம் இன்னொரு பிள்ளை. இரண்டு பிள்ளைக்கும் பாதிப் படிப்பு. ஆனால் சோதனை நடந்தது. இந்த ஊரின் பெயரைத் தாங்கிய தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களை வடக்கின் மாணவர் தலைமுறைகள் எழுதின. இந்த மண்ணை ஒருநாளும் மிதிக்காத பிள்ளைக்கும் தொண்டைமானாறு என்றால் வினாத்தாள்தான்.

இனி முகாம்களுக்கு வருவோம். 1996 ஏப்ரலில் தென்மராட்சியும் மே மாதத்தில் வடமராட்சியும் இராணுவத்தின் வசமான பிறகு வலிகாமத்தார் பெரும்பாலோர் தங்கள் வீடுகளுக்குத் திரும்பினார்கள். பலாலி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் ஊர் இருந்தவர்கள் திரும்ப முடியவில்லை. கோணப்புலம், சுன்னாகத்தில் சபாபதிப்பிள்ளை முகாம், கண்ணகி முகாம், வடமராட்சிக் கரை முகாம்கள் என்று தகரத்திலும் கிடுகிலும் அவர்களுடைய வாழ்க்கை உறைந்து நின்றது. அரச மொழியில் இவற்றுக்கு 'நலன்புரி நிலையம்' என்று பெயர். பத்தடிக்குப் பத்தடிக் கொட்டிலில் பெண்பிள்ளை பெரியவளாகி, கலியாணம் கட்டி, அதே வரிசையில் அடுத்த கொட்டிலில் குடும்பம் நடத்தினாள்.

பதிவேடுகள் இடம்பெயர்ந்தவர்களை இரண்டாகப் பிரித்தன: நலன்புரி நிலையங்களில் இருப்போர், உறவினர் நண்பர்களுடன் இருப்போர். இரண்டாவது வகையினரே கூடுதல். உதவி தேடிப்போனது முதலாவது வகையினரை. முகாம் கண்ணுக்குத் தெரியும். லொறியை நிறுத்தலாம், வரிசை வைக்கலாம், படம் எடுக்கலாம். பத்து ஊர்களில் ஐந்நூறு விறாந்தைகளில் சிதறிக் கிடப்பவர்களை எங்கே தேடுவது? அவர்களைத் தாங்கிய வீட்டுக்காரரை எந்தப் பத்தியில் எழுதுவது? வீட்டுக்காரரும் கூலிக்குப் போகிறவர்தான். முகாம்காரருக்கு வாளியும் பாயும் நுளம்புவலையும் கொடுத்த நாளில், வேலிக்கு இந்தப் பக்கம் அதே ஓட்டைக் கூரையின் கீழ் இருந்த ஊர்க்காரி பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் ஒரு வாளி கொடுத்திருந்தால் எத்தனையோ கிணற்றடிச் சண்டைகள் நடந்திருக்காது. இடம் கொடுத்த ஊருக்கும் சேர்த்து உதவ வேண்டும் என்று லெபனானிலும் உகண்டாவிலும் வங்கதேசத்தின் கொக்ஸ் பசாரிலும் இன்று திட்டம் போடுகிறார்கள். எங்கள் கிணற்றடியில் அது முப்பது வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம்.

கிணற்றடியில் தெரிந்த இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்த வரலாறு பொய்யாகும். காசும் காணியும் உள்ளவர்கள் முகாமில் நிற்கவில்லை. வாடகைக்கு வீடு எடுத்தார்கள், கொழும்புக்குப் போனார்கள், கனடாவுக்கோ இங்கிலாந்துக்கோ பிள்ளைகளிடம் போனார்கள். முகாமில் கடைசிவரை நின்றவர்கள் காணியில்லாதவர்களும், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களுமே. மடத்துப் பந்தியில் கேட்காத கேள்வியை ஊர்க் கிணற்றில் கேட்டார்கள். வாளியைத் தொடாதே, நாங்கள் அள்ளி ஊற்றுகிறோம் என்ற பழைய வழக்கம் ஷெல் மழைக்கு நடுவிலும் உயிரோடு இருந்த இடங்கள் உண்டு. விருந்தோம்பலில் மூத்த குடி என்று மேடையில் பேசுகிற நாங்கள் இதைக் குனிந்த தலையோடுதான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

2009 இல் போர் முடிந்தது. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை அரசு சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணிக்காரர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015 மார்ச்சில், ஆட்சி மாறிய பிறகு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வளலாயில் காணிகளின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கோணப்புலம் முகாமுக்கு வந்து, ஆறு மாதத்துக்குள் மீள்குடியேற்றம் முடியும் என்றார். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலை 3 இல்தான் திறந்தது. ஆறு மாதம் கடந்தும் முகாம்களில் ஆட்கள் இருந்தார்கள்.

வளலாய்க்குப் போனவர்கள் முதல் நாளில் தங்கள் வீட்டைத் தேடவில்லை. தேடுவதற்கு வீடு இல்லை. கிணற்றைத் தேடினார்கள். சுவர் போயிருக்கும், வேலி போயிருக்கும், மாமரமும் போயிருக்கும். கிணறு கல்லில் வெட்டியது. பற்றையை வெட்டிக் கிணற்றுக்கட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கால் எண்ணித்தான் எல்லையைப் பிடித்தார்கள்: கிணற்றிலிருந்து இத்தனை அடி அடுப்படி, அடுப்படியிலிருந்து இத்தனை அடி சாமியறை. தூர்ந்த கிணற்றை இறைக்க நீரிறைக்கும் மெசின் தேவைப்பட்டது. அது ஆற்றுக்கு இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து இரவலாகப் போனது.

முகாம் நின்ற காணிகளுக்கும் சொந்தக்காரர் உண்டு. பெரும்பாலான முகாம்கள் தனியார் காணிகளில் எழுந்தவை. இரண்டு கிழமைக்கு என்று சொல்லி வெறும் வளவைக் கொடுத்த மனிதர் அதில் பயிர் செய்யாமலும், மகளுக்குச் சீதனமாக எழுத முடியாமலும், விற்க முடியாமலும் இருபத்தைந்து வருடம் இருந்தார். வாடகை கேட்க வாய் வராது. எழும்பு என்று சொல்ல மனம் வராது. பிள்ளைகள் வளர்ந்து, காணியைத் திருப்பித் தாருங்கள் என்று கடிதம் எழுதியபோது அவர்களைக் கல்நெஞ்சக்காரர் என்று பேசினார்கள். அந்தக் குடும்பங்களுக்கு எந்த நிவாரணத் திட்டத்திலும் ஒரு ரூபா ஒதுக்கப்பட்டதாக நான் எந்த அட்டவணையிலும் கண்டதில்லை. பிரதேச செயலகத்துக் கோப்புகளில் இருப்பது முகாமின் பெயரும், குடும்ப எண்ணிக்கையும், மலகூடங்களின் தொகையும். காணிச் சொந்தக்காரரின் பெயர், இருந்தால், ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கும்.

(தொடரும்)